வேர் இறங்கின கதிரை

சிரிப்பை அடக்காதேங்கோ தம்பி றஜீவன். வந்து இருந்த நேரம் துவக்கம் சுவரில கிடக்கிற உந்தப் படத்தைத்தானே பாக்கிறியள். சிரியுங்கோ, என்ர மனுசன் இஞ்ச இல்லை. நீங்கள் வாறியள் எண்டு தேத்தண்ணியோட தின்ன றோல்ஸ் வாங்கப் போனவர், ட்ராமுக்கு நிக்கிறன் எண்டு இப்பத்தான் மெசேஜ் போட்டவர். அதுக்குள்ள நான் கதைச்சு முடிக்கோணும். அந்தப் போமில கையெழுத்து வைக்காதேங்கோ. ஓம், தெரியும், பழைய மாணவர் சங்கத்துக்கு அவர் திரும்பவும் தலைவரா நிக்கிறதுக்கு வழிமொழியிற ஆள் நீங்கள்தான். அதுக்குத்தான் சொல்லுறன். பேனையை ஒருக்கா மேசையில வையுங்கோ.

ஓமோம், விக்டோரியா மகாராணி காலத்துப் பத்திரிகைக் கார்ட்டூன்தான். வடிவாப் பாருங்கோ. அந்தக் குண்டு மனுசன் ஒரு மந்திரி. அவர் குந்தியிருக்கிற கதிரைக் காலில இருந்து வேர் இறங்கி நிலத்தைப் பிளந்துகொண்டு போகுது. எட்டுப் பேர் கதிரையில கயிறு கட்டி இழுக்கினம், ஆளை எழுப்ப. ஆள் அசையேல்லை. கண்ணை மூடிக்கொண்டு பேசிக்கொண்டே இருக்கிறார், கேக்க ஒரு சனமில்லை, முன்னால சபை வாங்குகளெல்லாம் வெறுமையாக் கிடக்கு. உது சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். எங்கட மனுசனுக்கு விளங்கேல்லை.

வாற ஆக்களுக்கு என்ன சொல்லுறார் தெரியுமே? உது தேர் இழுக்கிற மாதிரியாம். சனம் வடம் பிடிச்சுத் தலைவரைக் கொண்டு போகுதாம். வேர் எண்டால், சங்கத்தில அவர் அவ்வளவு ஆழமாப் பதிஞ்சு போட்டாராம். கோதாரி! போன கிழமை லூயிஷாமில இருந்து வந்த ஆக்கள் சிரிப்பு அடக்கேலாமல் ஆளுக்கொரு சாட்டுச் சொல்லி வெளிய போட்டினம். இவர் நிண்டு விளக்கம் குடுக்கிறார். எனக்குப் பத்தி எரிஞ்சுது. என்ன இருந்தாலும் என்ர மனுசன் எல்லே.

தலைவராப் பதினாலு வருசம் தம்பி! மகள் பிரசாந்தினி பட்டம் வாங்கின அண்டைக்கு இவர் எங்கயோ ஒரு மைதானத்தில கிரிக்கெட் கப் குடுத்துக்கொண்டு நிண்டவர். போன வருசம் நெஞ்சு நோவெண்டு அம்புலன்ஸ்காரர் தூக்கிக்கொண்டு போகேக்க, மூக்கில ஒக்சிசன், கையில போன். பொதுக்கூட்டத்துக்கு ஹோல் புக் பண்ணியாச்சோ எண்டு செயலாளர் கீர்த்தனனைக் கேக்கிறார். டொக்டர் நேராச் சொல்லிப்போட்டார், இன்னொருக்கா வந்தால் தப்பிறது கஷ்டம், ஓடித் திரியிறதை விடுங்கோ எண்டு. நான் கெஞ்சினன், அழுதன், ரெண்டு நாள் சமைக்காமலும் இருந்து பாத்தன். அவர் கடையில கொத்துரொட்டி வாங்கிச் சாப்பிட்டிட்டு மீற்றிங்குக்குப் போட்டார். நான் இல்லாட்டி சங்கம் படுத்திடும், ஒரே கதை.

உந்தப் படமோ? தை மாசம், ஆண்டு விழாவில, பொன்னாடை போத்தி மேடையில வைச்சுக் குடுத்தவை. கீழ தகட்டில அவற்ற பேரும் வெட்டிக் கிடக்கு பாருங்கோ. ஓம், எல்லாரும் கீர்த்தனனைத்தான் சொல்லுகினம், நக்கலுக்குச் செய்தவன் எண்டு. பாவம், அவனுக்கு ஒண்டும் தெரியாது. பழைய இங்கிலிஷ் படம், பிறேமும் நல்லாயிருக்கு எண்டு நினைச்சுத்தான் பொதி பண்ணினவன்.

மகள் இப்பத்தான் சொல்லுறாள், அந்தக் காலத்து மந்திரிமாரிலயும் கொஞ்சப் பேர், தங்களைப் பகிடி பண்ணிக் கீறின படத்தையே வாங்கி வீட்டில மாட்டினவையாம். உதை முந்தியே சொல்லியிருக்கக் கூடாதோ அவள்? மார்கழியில, அரை மனசோட எண்டாலும், விலகிறதைப் பற்றி யோசிப்பம் எண்டு வாய் திறந்த மனுசன் தம்பி. படம் வந்தாப் பிறகு கதை மாறிப்போச்சு. என்னை வெள்ளைக்காரன்ர மந்திரியோட வைச்சுப் பாக்கிற சனத்தை விட்டிட்டு எப்பிடியப்பா போறது எண்டு என்னட்டக் கேக்கிறார்.

கீர்த்தனனோ? அவன் எங்க தேடினவன். எங்கட ஆக்கள் விழாவுக்கு முதல் மனுசியிட்ட இரகசியமாக் கேப்பினம்தானே, என்ன குடுத்தால் அவருக்குப் பிடிக்கும் எண்டு. அப்பிடித்தான் அவனும் என்னட்டக் கேட்டவன். நான்தான் சந்தையில ஒரு பழைய படக் கடையில பாத்து, கடைக்காரனிட்ட அர்த்தமும் கேட்டு, வாங்கிக் குடுத்தனான். வாயால சொல்லி ஏறாதது கண்ணால பாத்தாலாவது ஏறும், வெக்கப்பட்டு எழும்பி வீட்டை வருவார் எண்டு நினைச்சன். அடுத்த நாள் காலமையே ஆணி அடிக்க ஏணியில ஏறீற்றார். விழுந்திடுவார் எண்ட பயத்தில நான்தான் கீழ ஏணியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்.