ஒரு கத்தை முன்னால்

சாயங்காலம் ஆறரை மணி. வடக்கனந்தலைத் தாண்டி, கோமுகி அணைப் பக்கம் போய் மலை ஏறுகிற ரோடு. ஒரு பக்கம் கரும்பு, இன்னொரு பக்கம் மரவள்ளி. நிறுத்தத்தில் ஆள் இல்லை. ஒருத்தி மட்டும் நிற்கிறாள். கையில் மஞ்சள் பை.

பஸ் வந்தது. ஒற்றை விசில். நின்றது.

"இன்னைக்கு எப்படி?" என்று படியில் நின்றபடியே கேட்டான் கண்டக்டர் வெற்றிவேல். அவள் புருஷன்தான்.

"இன்னைக்கு நிம்மதியா தூங்கலாம்" என்றாள் அவள். பையை நீட்டினாள்.

இரட்டை விசில். பின்னாடி சிவப்பு விளக்கு வளைவில் திரும்பி மறைந்தது. அவ்வளவுதான். அதற்குமேல் அவனை அவள் உயிரோடு பார்க்கவில்லை.

நம் வாசகர் வட்டத்து ராதிகா இருக்கிறாளே, அவளுடைய நாத்தனார் இவள். பேர் மணிமொழி. கரண்ட் போய்விட்டது, அவரவர் படிக்கிற புத்தகத்தை இனி இருட்டில் எடுத்துக் காட்ட முடியாது. போகட்டும். இதுவும் படித்துக்கொண்டிருந்த ஒரு புத்தகத்தைப் பற்றியதுதான். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்த ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் படிக்கிற பைத்தியம். திருக்கோவிலூரில் பழைய பேப்பர் கடையில் ஒரு பைண்டிங் கிடைத்தது. யாரோ புண்ணியவான், வாரப் பத்திரிகையில் வந்த தொடர்கதையை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, நூல் போட்டுத் தைத்து வைத்திருந்தார். அட்டை இல்லை. முதல் சில வாரங்களும் இல்லை. கதையின் பேர் தெரியாது, எழுதியவர் பேர் தெரியாது. தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. தங்கச்சி தேடிப் போகிறாள். அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா... கதை முழுக்க அதுதான்.

புத்தகம் ஒன்று, அவசரம் இரண்டு பேருக்கு. வெற்றிவேல் டூட்டி பார்த்த வண்டி மலைமேல் ஈச்சங்காட்டில் ராத்தங்கல். அங்கே செல்போனில் சிக்னல் கிடையாது, பேச ஆள் கிடையாது. டிரைவர் கண்ணாயிரம் முன்பக்கம் கால் நீட்டித் தூங்கிவிடுவார். பின்பக்க நீள சீட்டில் டார்ச் லைட் வைத்துப் படிப்பதுதான் வெற்றிவேலுக்கு ராத்திரி. அதனால் மணிமொழி ஒரு காரியம் செய்தாள். பிளேடால் நூலை அறுத்து, புத்தகத்தைக் கத்தை கத்தையாகப் பிரித்தாள். பகலில் அவள் ஒரு கத்தை படிப்பாள். சாயங்காலம் சாப்பாட்டுத் தூக்கோடு அதைப் பையில் போட்டு மலைக்கு அனுப்புவாள். காலையில் வண்டி இறங்கும்போது அவன் ஜன்னல் வழியாகத் திருப்பி நீட்டுவான்.

"புத்தகத்த அறுத்துத் திங்கற குடும்பம் ஜில்லாவிலேயே நம்மளுதுதான்" என்பான்.

எப்போதும் அவள் ஒரு கத்தை முன்னால். முன்னால் இருப்பவர் கதையைச் சொல்லக் கூடாது. அது அவர்கள் போட்டுக்கொண்ட சட்டம். தூக்கம் வருமா வராதா என்பதை மட்டும் சொல்லலாம். பெரிய திருப்பம் வருகிற கத்தை என்றால் 'தூக்கம் வராது'. சாதாரணம் என்றால் 'தூங்கலாம்'.

பஸ்ஸில் வருகிற சனங்களுக்கும் இது பழகிப்போயிருந்தது. பெரியம்மாள் என்று மலைக்காரப் பொம்பளை, சாமை விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு ஏறுபவள், அவனை விடவே மாட்டாள்.

"இன்னா கண்டக்டரே, அந்தக் குட்டி அண்ணன பாத்துச்சா இல்லியா?"

"எனக்கே தெரியாது. வூட்ல கேளு. அவதான் முன்னாடி போய்க்கினு இருக்கா."

"அப்ப அதுங்கிட்ட விசில குடுத்துட்டு நீ வூட்ல குந்து. நாங்களாவது கதை கேட்டுக்கினு போவோம்."

பஸ்ஸே சிரிக்கும். இரட்டை விசில். வண்டி கிளம்பும்.

அன்றைக்குக் கொடுத்தது சாதாரணக் கத்தைதான். தங்கச்சிக்காரி ஒரு சத்திரத்தில் தங்கி மழை விடக் காத்திருக்கிறாள், அவ்வளவுதான். அதனால்தான் மணிமொழி அப்படிச் சொன்னாள்.

விடியற்காலை கண்ணாயிரம் எழுப்பப் போனபோது வெற்றிவேல் எழவில்லை. மாரடைப்பு என்றார்கள். தூக்கத்திலேயே போன உயிர், கஷ்டமே தெரிந்திருக்காது என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். ஒவ்வொருத்தர் சொல்லும்போதும் மணிமொழி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

அவனுடைய பையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். தூக்கு. சீப்பு. நெற்றியில் தேய்க்கிற நீலகிரித் தைலம். அந்தக் கத்தை. எந்த வரியில் கண் சொக்குகிறதோ அந்த வரியின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தி வைப்பது அவன் வழக்கம். பிறை மாதிரி ஒரு பள்ளம் விழும். அன்றும் விழுந்திருந்தது... கத்தையின் நடுவில்.

மீதிப் புத்தகத்தை அவள் தொடவில்லை. யாருக்கு முன்னால் போவது?

காரியம் முடிந்து உறவுக்காரர்கள் போய்விட்டார்கள். வீட்டில் சாயங்காலம் மட்டும் நீண்டுகொண்டே போயிற்று. ஒருநாள் ஆறரை ஆகும்போது கால் தானாக நிறுத்தத்துக்குப் போயிற்று. கையில் ஒன்றும் இல்லை. பஸ் போவதைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நின்றாள். 'புருஷன் செத்த ஈரம் கூடக் காயல, ரோட்டுல போய் நிக்கிறா பாரு' என்று பின்னால் பேச்சு வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

பஸ் வேகமாக வந்தது. அவளைத் தாண்டிப் போய்விடும் வேகம்.

ஒற்றை விசில்.

சடக்கென்று நின்றது. புழுதி அடங்கியது. யாரும் இறங்கவில்லை. புதுக் கண்டக்டர் அய்யப்பன், சின்ன வயசுப் பையன், படியில் வந்து எட்டிப் பார்த்தான்.

"யாருங்க எறங்கறது?" பிறகு அவள் பக்கம் திரும்பினான். "ஏறுறீங்களாக்கா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"பின்ன இன்னாத்துக்குண்ணே நிறுத்துன?" என்று டிரைவரைக் கேட்டான்.

"நீதானடா அடிச்ச?"

"என் விசிலு பாக்கெட்ல இருக்குதுண்ணே."

கண்ணாயிரம் ஜன்னலில் தலையை நீட்டினார். மணிமொழியைப் பார்த்தார். அவளுடைய வெறுங்கையைப் பார்த்தார். கியரைப் போட்டார். பஸ் அவளைக் கடக்கும்போது பின்பக்க ஜன்னலிலிருந்து ஒரு வாசம் வந்தது. நீலகிரித் தைலம்.

மறுநாளும் அப்படியே. ஒற்றை விசில். நின்றது.

அதற்கு அடுத்த நாள் நின்ற வண்டி கிளம்பவே இல்லை. சாவியைத் திருப்பினால் இஞ்சின் இருமுகிறது, அணைகிறது. இருட்டிக்கொண்டு வந்தது. உள்ளே குழந்தை ஒன்று அழுதது. பெரியம்மாள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, பின் சீட்டைத் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணாயிரம் இறங்கி வந்தார்.

"தங்கச்சி... எதனா குடுத்துடும்மா. நான் இவ்ளோ சனத்த வெச்சிக்கினு மலை ஏறணும்."

அவள் வீட்டுக்கு ஓடினாள். பாதியில் நின்றிருந்த அந்தக் கத்தையைப் பையில் போட்டு எடுத்து வந்தாள். கண்ணாயிரமே வாங்கிப் போய் பின் சீட்டில் வைத்தார்.

இரட்டை விசில்.

அய்யப்பன் வாய் திறந்தபடி நின்றிருந்தான். விசில் அவன் உள்ளங்கையில் இருந்தது. இஞ்சின் ஒரே சாவியில் பிடித்துக்கொண்டது.

காலையில் பை இறங்கி வந்தது. மணிமொழி அங்கேயே, ரோட்டோரத்திலேயே பிரித்தாள். நடுவில் இருந்த பழைய நகக்குறி அப்படியே இருந்தது. கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். கடைசி வரியின் ஓரத்தில்... இன்னொரு பிறை. புதுசு. விரலை வைத்துப் பார்த்தாள். தாள் இன்னும் மேலெழும்பாமல் பள்ளமாகவே இருந்தது.

வேறு யாராயிருந்தாலும் பயந்திருப்பார்கள். அவள் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

திரும்பவும் படிக்க ஆரம்பித்தாள். பகலில் ஒரு கத்தை, சாயங்காலம் பஸ்ஸில். காலையில் அது பிறையோடு வரும். நிறுத்தத்தில் பின் ஜன்னலைப் பார்த்து ஏதாவது சொல்லுவாள். 'குளுரு ஜாஸ்தி, போத்திக்கோங்க' என்பாள். 'இன்னைக்கு எழுத்து கொஞ்சம் மங்கலா இருக்கும்' என்பாள். தூங்கலாம் என்று மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை. அந்த வார்த்தை வாய்வரை வந்தால் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

ஆனால் புத்தகம் மெலிந்துகொண்டே வந்தது. கதை முடிந்துவிட்டால்? மறுநாள் எதைக் கொடுப்பது? எதற்காக அந்த வண்டி நிற்கும்? கத்தையைப் பாதியாக்கினாள். பிறகு அதிலும் பாதி. கடைசியில் நாளுக்கு ஒற்றைத் தாள் அனுப்பினாள்.

அப்படி அனுப்பத் தொடங்கிய பிறகு ஒரு காலை, கண்ணாயிரம் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். கண் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி. கன்னம் ஒட்டியிருந்தது.

"இன்னாண்ணே, ஒடம்பு சரியில்லியா?"

"நான் தூங்கி நாளாச்சு தங்கச்சி. அய்யப்பன் பயந்துக்கினு ஊருக்குள்ள போய் படுத்துக்கறான்." அவர் ரோட்டைப் பார்த்துப் பேசினார். "முன்னெல்லாம் பின்னாடி தாள் பொரள்ற சத்தம் மட்டும் கேக்கும். சரி, நம்ம வெற்றிவேலு படிக்கிறான்னு நானும் கண்ண மூடிக்குவேன். இப்ப நீ ஒத்தத் தாள் குடுக்கற. அது முடிஞ்சிடுது. அப்புறம் அவன் தேடறான். ஒவ்வொரு சீட்டா குனிஞ்சி குனிஞ்சி தேடிக்கினு வரான். நேத்து என் தலமாட்டு வரைக்கும் வந்துட்டான்."

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வளைவு அத்தனையும் கண்ணத் தொறந்துக்கினே தூங்கிக்கினு ஓட்றேன். ஒருநாள் எங்கியாவது விட்ருவேன். அத்தன பேரு உயிரு. மீதிய குடுத்துடும்மா. குடுத்துட்டு, நிம்மதியா தூங்குங்கன்னு ஒரு வார்த்த சொல்லிடு. அவன் போவட்டும்."

அன்று பகல் முழுக்க மணிமொழி மீதிக் கத்தையை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கச்சிக்காரி தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறாள். கதவு திறக்கப் போகிறது. அங்கே முடிந்திருந்தது அவள் படித்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பினால் தெரிந்துவிடும். கை போனது, திரும்பி வந்தது. தான் முன்னால் போய்ச் சொன்ன 'தூங்கலாம்' என்ற வார்த்தையோடுதானே அன்றைக்கு அவன் போனான் என்று நினைத்தாள். பொழுது சாய்ந்தது. அவள் படிக்கவில்லை. கத்தையைப் பையில் வைத்து, வாயைச் சேர்த்துப் பிடித்து, தூக்கு கட்டுகிற கயிற்றால் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

ஆறரை மணி. ஒற்றை விசில். பஸ் நின்றது.

பையைக் கண்ணாயிரத்திடம் கொடுத்தாள். பின் ஜன்னல் பக்கம் நடந்து போனாள். ஜன்னலில் ஒன்றும் தெரியவில்லை. தைல வாசம் மட்டும் முகத்தில் அடித்தது.

"நான் இன்னும் படிக்கல" என்றாள். "எனக்குத் தெரியாது. தூக்கம் வருமா வராதான்னு என்னால சொல்ல முடியாது. இந்த தடவ நீங்க முன்னாடி போங்க."

இஞ்சின் உறுமல் மட்டும். பிறகு இரட்டை விசில்... மெதுவாக, தூரத்திலிருந்து வருவது போல.

காலையில் பஸ் வந்தது. விசில் இல்லை. கண்ணாயிரமாகத்தான் நிறுத்தினார். முகம் கழுவின மாதிரி இருந்தது. கையில் பை.

"அவன் இனிமே வர மாட்டான்னு நெனைக்கிறேன்" என்றார். "நேத்து ராத்திரி படிச்சான். வாய்விட்டு. நல்லா கேட்டுது, ஆஸ்பத்திரி கதவு தொறக்கறதுலேர்ந்து கடைசி வரைக்கும். படிச்சி முடிச்சிட்டு, வண்டிய விட்டு எறங்கி நடந்து போனான். சருகு மிதிபட்ற சத்தம் மேல மேல போச்சு. அப்புறம் நானும் தூங்கிட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "அந்த அண்ணங்காரன் இன்னா ஆனான்னு... என் காதுல விழுந்துச்சு. சொல்லட்டா?"

மணிமொழி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"அவரு வந்து சொல்லட்டும்ண்ணே."

கண்ணாயிரம் பையை நீட்டினார். அதை இரவு முழுக்கத் தன் தலைக்கடியில் வைத்துக்கொண்டுதான் படுத்திருந்ததாகவும், பயத்தில் பின் சீட்டுவரை போகவே இல்லை என்றும் அப்போதுதான் சொன்னார்.

அவள் பையைப் பார்த்தாள். அவள் போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது.

இப்போதும் இருக்கிறது. போன மாதம் ராதிகா அந்த வீட்டுக்குப் போயிருந்தாள். ஆணியில் தொங்குகிறதாம். யாரும் அவிழ்க்கவில்லை.