முதலாளியின் பிரெஞ்சு ஒயின்

மதுவிலக்கு இருந்த காலம். தாராபுரத்திலிருந்து திருப்பூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்தவர் பக்கத்துப் பெரியவரிடம் சொன்னார்:

"எங்க முதலாளியைப் பார்த்தே, 'வண்டியை எட்றா'ன்னு சொல்லிட்டேனுங்க."

அவர் ஒரு பனியன் கம்பெனி முதலாளிக்குக் கார் ஓட்டியவர் என்பது பேச்சில் தெரிந்தது.

"ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"அவரு பீரோவுல இருந்த பிரெஞ்சு ஒயினைத் திருடிக் குடிச்சிருந்தேனுங்க. பர்மிட் வாங்கி ஆசை ஆசையாச் சேர்த்து வெச்சதுல, அதுதான் ஒசந்த பாட்டில். எனக்கு அதுக்கு முந்திப் பழக்கமே இல்லீங்க. விளக்கெண்ணெய் குடிக்கற மாதிரி மூக்கைப் புடிச்சுட்டு முழுங்கிட்டேன். அப்பறம் போதையில கார்ல போயி, பின்சீட்டுல அவரு எடத்துல உட்கார்ந்துட்டேன்."

பெரியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அடிச்சாருங்களா?" என்றார்.

"இல்லீங்க, பக்கத்துல வந்து உட்கார்ந்தாரு. சக்கரை வியாதி வந்ததுல, அவரு ஒரு சொட்டுக்கூடத் தொடக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாருங்க. 'எப்படீடா இருந்துச்சு?'ன்னு மெதுவாக் கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இருமல் மருந்தாட்டம் இருந்துச்சுங்கன்னேன்."

அவரே தொடர்ந்தார்:

"திருடுனதைக்கூட மன்னிச்சிருப்பாருங்க. இதைக் கேட்டதும் அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. சாவியை வாங்கிட்டு, ஊட்டுக்குப் போயிருன்னுட்டாரு. திருடத் தெரிஞ்ச எனக்கு, 'நல்லா இருந்துச்சுங்க'ன்னு ஒரு பொய் சொல்லத் தெரியலீங்களே."