வலப்பக்க வடம்

— பொம்பளைங்க கைய விட்டதாலதான் விழுந்துச்சுன்னு எழுதியிருக்கீங்களாமே. அந்தக் காயிதத்தக் கொஞ்சம் படிச்சிக் காட்டுங்க.

— நீங்க யாரும்மா?

— மரியசெல்வி. நேத்து காலைல உங்க ஏரோப்ளேனக் கயிறு கட்டி இழுத்தமே பதினாறு பேரு, அதுல வலப்பக்கக் கயித்துல எட்டு பொம்பளைங்க. அந்த எட்டுக்கும் தலைவி நான்.

— அது ஏரோப்ளேன் இல்லம்மா. கிளைடர். அதாவது, எஞ்சின் கிடையாது. இந்தச் சரிவுல ரப்பர் கயிறைப் பிடிச்சுக்கிட்டு நீங்க ஓடினா, கவண்கல்லு மாதிரி அது முன்னால பாயும். அப்புறம் தானா காத்துல மிதக்கும்.

— மெதக்கலையே.

— மிதக்கல. ஏன் மிதக்கலன்னுதான் ரிப்போர்ட் எழுதிக்கிட்டிருக்கேன். என் பேர் அரங்கநாதன். எங்க காலேஜ் கிளைடர் சங்கத்துக்கு நான்தான் காரியதரிசி. சாயங்காலம் பட்டணத்துலேர்ந்து எங்க புரொபசர் வர்றார். அவர் கையில இதைக் குடுக்கணும்.

— அவருக்கு மட்டுந்தானா? எங்க பங்குச் சாமியாருக்கும் ஒரு நகலு போவுதாமே.

— ஆமா. ஆளுங்களை அனுப்பி வச்சவர் அவர்தானே. ஒரு மரியாதைக்கு.

— அந்த மரியாதைதான் எங்க கழுத்த அறுக்குது தம்பி.

— புரியல.

— கேளுங்க. வர்ற மாசம் எட்டாந்தேதி எங்கூர்ல மாதா தேரு. எடப்பக்க வடம் ஆம்பளைங்க, வலப்பக்க வடம் பொம்பளைங்க. இது ஆறு வருசமாத்தான். அதுக்கு முன்ன ரெண்டு வடமும் அவங்களுதுதான். யுத்தம் வந்துது. பாதி ஆம்பளைங்க பட்டாளத்துக்குப் போயிட்டாங்க. தேரு நவுரல. சாமியார் எங்களப் பாத்து, நீங்க வாங்கன்னாரு. போயி இழுத்தோம், நவுந்துது. யுத்தம் முடிஞ்சி அவங்க திரும்பி வந்தாங்க, வடத்தக் குடுங்கன்னாங்க. நாங்க குடுக்கல.

— இன்னும் குடுக்கலையா?

— நாலு வருசமா இந்தச் சண்ட ஓடுது. இப்ப உங்க காயிதம் சாமியார் கைக்குப் போச்சின்னா தீந்துது. பாருங்க சாமி, படிச்ச புள்ளைங்களே எழுதிட்டாங்கம்பான் எங்கண்ணன் பிலவேந்திரன். அவன்தான் எடப்பக்க வடத்துக்குத் தலைவன். நேத்து உங்க எடப்பக்கக் கயித்துல இருந்த எட்டு ஆம்பளைங்களுக்கும் அவன்தான்.

— நான் உங்க தேரைப் பத்தி ஒரு வரிகூட எழுதலம்மா.

— கூரையில நெருப்பப் போட்டுட்டு, சோத்துப் பானையத் தொடலன்னு சொல்றீங்க.

— சரி, படிக்கிறேன். கோபப்படாம கேளுங்க. 'ஓட்டம் தொடங்கிய சில நொடிகளில், வலப்புறக் கயிற்றைப் பிடித்திருந்த பெண்கள் தளர விட்டதால், கிளைடர் வலப்புறம் திரும்பியது. வலச் சிறகு பாறையில் மோதியது. விமானி கோதண்டராமனுக்குத் தோள் எலும்பு முறிந்தது.'

— அந்தப் புள்ள எப்பிடி இருக்குது?

— கட்டுப் போட்டு ஆஸ்பத்திரியில படுக்க வச்சிருக்காங்க. வலியைப் பத்திப் பேசவே மாட்டேங்கறான். எவ்வளவு உயரம் போனேன், அதைச் சொல்லுங்கறான்.

— எவ்ளோ போச்சி?

— ஒரு பனை உயரம்னு சொல்லி வச்சிருக்கேன். நிஜத்துல பாதிப் பனைகூட இல்ல.

— அதுவே பெரிசு. எறக்கைய அடிக்காம எப்பிடி தம்பி மேல போவுது?

— பருந்து அடிக்குதா? ராஜகிரி மலை மேல பாருங்க. எவ்வளவு நேரமா சும்மாவே சுத்துது.

— பருந்துக்கு உசுரு இருக்குது.

— உயிர் உள்ளே உக்காந்திருந்தா போதும். நேத்து கோதண்டராமன் உக்காந்திருந்தான்.

— கண்ணாடிய சட்டையில தொடைக்காதீங்க. புழுதியா இருக்குது, கீறிடப் போவுது.

— கைக்குட்டை நேத்து எங்கேயோ தொலைஞ்சு போச்சு. தங்கச்சி என் பேர் போட்டுத் தைச்சுக் குடுத்தது. தேடக்கூட நேரமில்ல.

— கெடைக்கும். நாங்க கயித்தத் தளர விட்டத நீங்க கண்ணால பாத்தீங்களா?

— நான் இடச் சிறகு நுனியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வலச் சிறகு நுனியில எங்க இளையபெருமாள். கிளம்பினதும் பத்தடி கூடவே ஓடி விட்டுடணும், அதான் எங்க வேலை. விட்டேன். தரைக்கும் அதுக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சுது. ரெண்டு வருஷமா மூங்கிலும் துணியும் பசையுமா நாங்க ஒட்டி ஒட்டிச் செஞ்சது. அந்த நிமிஷம் நான் என்ன பண்ணேன்னே எனக்கு நினைவில்ல. கத்தினேன்னு இளையபெருமாள் சொல்றான். கயிறை எங்க பாத்தேன்.

— பாக்காமதான் எழுதினீங்க.

— பாக்கல. ஆனா ஒரு கணக்கு இருக்கு. உங்கண்ணனே சொன்னார். தேரு வலப்பக்கம் திரும்பிச்சின்னா வலப்பக்க வடம் தளந்துடுச்சின்னு அர்த்தம்னார். மாட்டு வண்டியும் அப்படித்தானே? வலப்பக்க மாடு நின்னுட்டா வண்டி வலப்பக்கம்தான் சுத்தும். கிளைடர் வலப்பக்கம் திரும்பிச்சு. அவ்வளவுதான்.

— மாட்டு வண்டிக்கு நொகத்தடி இருக்குது. தேருக்கு எடப்பக்கம் ஒரு வளையம், வலப்பக்கம் ஒரு வளையம். வடத்துக்கு ஒண்ணு. உங்களுதுக்கு எத்தினி?

— மூக்குல ஒரு கொக்கி.

— ஒண்ணேதான்?

— ஒண்ணேதான். ரெண்டு கயிறும் அந்த ஒரே கொக்கியில… கொஞ்சம் இருங்க.

— இருக்கேன்.

— உங்ககிட்ட நூல் ஏதாவது இருக்குமா?

— கல்லக்கா மூட்ட தெக்கிற சணலு இடுப்புல இருக்குது. போதுமா?

— போதும். இது என் செருப்பு. சிரிக்காதீங்க. பெருவிரல் நுழையற இந்த வார்தான் கொக்கி. ரெண்டு சணலையும் இதுல கட்டறேன். வலப்பக்கத்தை நீங்க பிடிங்க, இடப்பக்கத்தை நான் பிடிக்கிறேன். கொஞ்சம் அகலமா தள்ளி நில்லுங்க. நேத்து நின்ன மாதிரி.

— நேத்து கால்ல கல்லு குத்திச்சி. இன்னிக்கி செருப்ப இழுக்கறேன். இழுங்க.

— இழுத்துக்கிட்டே இருங்க. நான் இப்ப விடறேன்.

— எம்பக்கந்தான் வருது.

— இன்னொரு தடவை.

— இப்பவும் எம்பக்கந்தான்.

— இப்ப நீங்க விடுங்க.

— அட. உங்க பக்கம் ஓடிட்டுது.

— ஒரே கொக்கின்னா, இழுக்கற பக்கம் மூக்கு போகும். தேருக்கு நேர் எதிர். இது எனக்குத் தெரியும். பரீட்சையில இதையே படம் போட்டு எழுதியிருக்கேன். நேத்து உங்கண்ணன் தேரைச் சொன்னதும் மண்டையில தேர்தான் நின்னுது.

— செருப்புக்குத் தெரிஞ்சிருக்குது.

— அப்போ, நீங்க விடல. விட்டது இடப்பக்கம்.

— எட்டு பேரு கையும் காட்டட்டுமா? தோலு உரிஞ்சி கெடக்குது. ரஞ்சிதத்தால இன்னிக்கி சோத்துல கை வைக்க முடியல. அவ புருசன் ஊட்டி வுடறான், ஊரே வேடிக்க பாக்குது.

— மன்னிச்சுக்கோங்க அக்கா.

— அதான் சங்கதி. செருப்பக் கழட்டினதும் அக்கா ஆயிட்டேன்.

— ஆனா ஆம்பளைங்க ஏன் விடணும்? பயந்துட்டாங்களா?

— எங்கண்ணன் பயந்தவன் இல்ல. பர்மாக் காட்டுல மூணு வருசம் இருந்துட்டு வந்தவன். எங்க மேல போட்ட பழியத் தூக்கி அவன் மேல வச்சிடாதீங்க. அவன் தேர் மொறப்படிதான் செஞ்சான்.

— என்ன முறை?

— கேளுங்க. வடம் புடிக்கிறவங்க முன்னால பாத்து இழுப்பாங்க. தலைவருங்க மட்டும் தேரப் பாத்துகிட்டே பின்னுக்கு நடப்போம். நேத்தும் அப்பிடித்தான் நாங்க ரெண்டு பேரும் உங்க கிளைடரப் பாத்துகிட்டே ஓடினோம். தேருக்கு ரெண்டு பக்கமும் சக்கரத்துக்கிட்ட ஒவ்வொரு ஆளு நிப்பாங்க. தெரு முக்கு வந்தா, எந்தப் பக்கம் திரும்பணுமோ அந்தப் பக்கத்து ஆளு வெள்ளத் துண்ட மேல தூக்கி ஆட்டுவாரு. மேளத்துல பேச்சு காதுல வுழாது, துணி மட்டுந்தான் பேச்சு. துணி ஆடிச்சா, தலைவன் ஒரு கொரலு குடுப்பான், அந்தப் பக்கத்து வடத்த உடனே விட்டுடணும். யோசிக்கக் கூடாது. யோசிச்சா சக்கரத்துல ஆளு மாட்டிக்கும்.

— அது தேருக்கு. நேத்து யாரும் துண்டோட நிக்கலையே.

— வெள்ளத் துணி ஆடிச்சி தம்பி. எடப்பக்கம். நானும் பாத்தேன். எம்பக்கத்துலயா இருந்தா நாங்களும் விட்டுதான் இருப்போம்.

— வேடிக்கை பாத்தவங்கதான். செஞ்சியில பாதி ஜனம் இடப்பக்க வரப்புல நின்னுது. எவனோ துண்டை வீசியிருக்கான்.

— வரப்பு தூரம். இது கிட்டக்க ஆடிச்சி. உங்க சங்கத்து ஆளு.

— எங்க பையனா? யாரு?

— மொதல்ல எழுதுங்க. அப்பறம் சொல்றேன்.

— பேர் தெரியாம எப்படி எழுதறது?

— எங்க எட்டு பேரு பேரக் கேட்டா எழுதினீங்க? பொம்பளைங்கன்னு எழுதினீங்க இல்ல, அதே மாதிரி எழுதுங்க.

— சரி. நியாயம்தான்.

— அந்த ஆளுக்கு இன்னா ஆவும்?

— சங்க விதி ஒண்ணு இருக்கு. அதாவது, யாரால விபத்து வந்ததோ அவன் ஒரு வருஷம் கிளைடர்ல ஏறக் கூடாது. நான்தான் அந்த விதியை எழுதினேன்.

— ஒரு வருசம் ரொம்ப ஜாஸ்தியாச்சே. தெரியாம செஞ்சதுதான்.

— கோதண்டராமன் எலும்பும் தெரியாமதான் உடைஞ்சுது.

— வேண்டிய ஆளா இருந்தாலும் அப்பிடித்தானா?

— யாரா இருந்தாலும். கையை ஆட்டணும்னா வீட்டுல போய் ஆட்டட்டும்.

— ஒடஞ்ச எறக்க எப்ப சரியாவும்?

— பசை காய நாளைக்கு ஒரு நாள். ஞாயித்துக்கிழமை காலைல திரும்பப் பறக்கும், புரொபசர் சரின்னா. வலப்பக்கக் கயிறுக்கு நீங்கதான் வரணும். உங்க எட்டு பேரும்.

— யாரு ஏறுவாங்க?

— நான்தான். பதினோரு பேர்ல சீட்டுக் குலுக்கிப் போட்டோம். முதல் சீட்டு கோதண்டராமன். ரெண்டாவது நான்.

— ஏறினா இன்னா தெரியும் தம்பி?

— எனக்கும் தெரியாது. கோட்டை தெரியும். வல்லம் ரோடு தெரியும். அதெல்லாம் மலை மேல ஏறினாலே தெரியும். காலுக்குக் கீழே ஒண்ணுமில்லாதப்போ அதெல்லாம் எப்படித் தெரியும்னுதான் தெரியணும். ரெண்டு வருஷமா இதை நினைச்சுக்கிட்டேதான் தூங்கறேன்.

— அந்த ஒரு வருசத்த எழுதாம விட்டா ஆவாதா? எங்க மேல தப்பு இல்லன்னு மட்டும் இருந்தா எனக்குப் போதும்.

— ஆகாது. காரணம் எழுதாம நீங்க விடலன்னு மட்டும் எழுதினா, உங்க சாமியாரே நம்ப மாட்டார். பாதி ரிப்போர்ட் எழுதினா அது ரிப்போர்ட்டே இல்ல. காலையில பாதிதான் எழுதினேன், அதனாலதான் நீங்க இங்க வந்து நிக்கிறீங்க.

— அப்ப எழுதுங்க. நல்லா யோசிச்சி எழுதுங்க.

— எழுதிட்டேன். படிக்கட்டுமா?

— படிங்க.

— 'வலப்புறக் கயிற்றைப் பிடித்திருந்த எட்டுப் பெண்களும் இறுதிவரை கயிற்றை விடவில்லை. இடப்புறத்தார், தங்கள் தேர் வழக்கப்படி, வெள்ளைத் துணி அசையக் கண்டு தளர்த்தினர். அவர்கள் மீதும் குற்றமில்லை. அத்துணியை அசைத்த சங்க உறுப்பினரே விபத்துக்குக் காரணம். அவர் இன்று முதல் ஓராண்டுக் காலம் கிளைடரில் ஏறக் கூடாது.' போதுமா?

— கையெழுத்து?

— போட்டாச்சு. ரெண்டு நகல்லயும்.

— ஒண்ண எங்கிட்ட குடுங்க. சாமியாருக்கு நானே கொண்டு போறேன்.

— இந்தாங்க. பேருக்கு மட்டும் இடம் விட்டு வச்சிருக்கேன். இப்ப சொல்லுங்க, யார் அவன்?

— மொதல்ல இதப் புடிங்க. எடப்பக்க எறக்கை நின்ன எடத்துல கெடந்துது. தொவச்சி மடிச்சி எடுத்தாந்தேன். மூலையில செவப்பு நூல்ல என்னமோ தெச்சிருக்குது, எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்களே படிச்சி அந்த எடத்துல எழுதிக்கோங்க தம்பி.