சீக்கிரம் சம்பாதித்தவள்

வேலைக்கு ஆள் சேர்க்கும் இந்த விழாவின் தலைவர் அவர்களே! ஊசிமுனையில் ஊருக்கே உடை தரும் உயர்ந்த ஆலையின் மேலாளர் அவர்களே! மகள்களின் கையைப் பிடித்தபடி முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! பள்ளிச் சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருக்கும் என் செல்வங்களே! பத்தாவதோடு படிப்பை நிறுத்தினாலும் பேச்சை நிறுத்தாத இந்தத் தையல் தொழிலாளியின் பணிவான வணக்கம்.

"பள்ளிக்கூடத்த விட்டு வந்தா கையில காசு பார்க்கலாம்னு நாலு வார்த்தை பேசும்மா" என்று மேலாளர் கேட்டுக்கொண்டார். பேசுகிறேன். பொய்யா சொல்லப் போகிறேன்? பதினாறு வயதிலேயே பணம் பார்த்தவள் நான். பட்டம் படிக்கப் போன என் தங்கை, பஸ்ஸுக்குக் காசு கேட்டு என் முன்னால்தான் நிற்பாள். மின்விசிறிக்கு நேர் கீழே படுத்தது யார்? நான். எதை வாங்கலாம், எதை விற்கலாம் என்று அப்பா யாரைக் கேட்டார்? என்னை. படித்துக் கிழித்தது போதும், அக்காவைப் பார் என்று அவளைத்தான் திட்டினார். ராணி, தாய்மார்களே, நான் ராணி!

தங்கை ஒரு மருத்துவ ஆய்வகத்தில் சேர்ந்தாள். முதல் சம்பளம் என்னுடையதைவிடக் குறைவு. தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தேன். பிறகு நடந்தது என்ன? அவளுக்கு அனுபவம் கூடக்கூடச் சம்பளம் கூடியது. எனக்கு அனுபவம் கூடக்கூடக் கண்ணாடியின் கனம் கூடியது! இங்கே தைத்த துணிக்குத்தானே கூலி? இருபதில் பறந்த கை நாற்பதில் நகர்கிறது. கூலியும் நகர்கிறது, கீழ்நோக்கி. ஆனாலும் நிர்வாகம் என்னைக் கைவிடவில்லை. சிறந்த தொழிலாளி என்று கேடயம் தந்தது. ஒன்றல்ல, நான்கு! பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். அடகுக் கடைக்காரரும் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு இப்படித்தான் சிரித்தார்.

ஐயா, கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், முடிக்கிறேன்.

போன வாரம் மேலாளர் அன்போடு என் மகளுக்கும் ஓர் இடம் ஒதுக்கினார், என் பக்கத்து மிஷினிலேயே. அவள் துள்ளிக் குதித்தாள். "இனிமே நீ வேலைக்குப் போக வேணாம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள். பதினாறில் என் அம்மாவிடம் நானும் இதையேதான் சொன்னேன்.

அதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறாள். அம்மா மேடைக்குக் கூப்பிடுவாள் என்று காத்திருக்கிறாள். கூப்பிடுகிறேன்.

"எந்திரி கண்ணு. வீட்டுக்குப் போய்ப் புத்தகத்த எடு. நீ படிச்சு முடிக்கிற வரைக்கும் அம்மா வேலைக்குப் போவேன்."

தாய்மார்களே, வாசல் உங்களுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பேச வாய்ப்பளித்த நிர்வாகத்துக்கு நன்றி. நாளைக் காலை எனக்கு வேலை இருந்தால் நேரில் வந்தும் சொல்கிறேன். வணக்கம்.