படுத்துப் பார்த்தால் கறுக்கும் டிவி

ஷேர் ஆட்டோவில் டிரைவர் இருந்தார். அவர் பக்கத்தில் ஒரு கீரைக்காரர். பின்னால் நான். எனக்கு எதிரே பீங்கான் கம்பெனி வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள்.

"படுத்துப் பாத்தா எல்லார் மூஞ்சியும் கருப்பா தெரியுதுக்கா," என்றாள் இளையவள்.

"எதுலடி?"

"புது டிவியில. வெல கம்மின்னு வாங்கினேன். நின்னு பாத்தா படம் பளிச்சுனு இருக்குது. சத்தமும் பரவால்ல."

"கடையிலயே படுத்துப் பாத்து வாங்கறதுதான?" பெரியவள் சிரித்தாள்.

"அவருக்குதான வாங்கினேன். இடுப்பு ஆபரேசன் ஆயி ரெண்டு மாசமா கட்டில்ல கெடக்குறாரு. எழுந்து ஒக்காரச் சொல்லி டாக்டரு திட்டியும் கேக்கல. வலிக்கும்னு பயம்."

"அப்ப மாத்திடு. பில்லு இருக்குதுல்ல? சாயங்காலம் நானும் கடைக்கு வரேன்."

"வேணாங்க்கா."

"ஏண்டி?"

"முந்தாநேத்து கபடி மேட்ச்சு. யாரு யாரத் தொட்டாங்கன்னே தெரியலன்னு கத்துனாரு. அப்பறம் அவரே, முதுவுக்கு ஒரு தலகாணி வையின்னாரு. வெச்சேன். கொஞ்சம் வெளிச்சமா தெரியுது, இன்னொன்னு வையின்னாரு. நேத்து பத்தலன்னு பக்கத்து வூட்டுல போயி வாங்கியாந்தேன்."

ஆட்டோ கம்பெனி வாசலில் நின்றது. இறங்கும்போது பெரியவள் கேட்டாள்.

"இப்ப எத்தினி தலகாணி?"

"நாலு."