ஊருன்னா யாரு?

ஜானட்: நீயுமா தூக்குன?

சாவியோ: மெதுவாப் பேசுமே... வெளிய கேக்கப் போவுது.

ஜானட்: பதிலு சொல்லுயா. செல்லக்கனிய ஊரவுட்டு ஒதுக்கி வெக்கலாமான்னு தலைவரு கேட்டப்போ... என் புருசன், நீயும் கை தூக்குனியா?

சாவியோ: ஊரே தூக்குச்சி. நான் ஒருத்தன் கம்முனு குந்திகினு இருந்தா...

ஜானட்: இருந்தா?

சாவியோ: அடுத்து நம்ம வூடுதான். படகு எறக்க வுட மாட்டானுங்க. நம்ம மீன ஒருத்தனும் ஏலம் எடுக்க மாட்டான்.

ஜானட்: ஐயோ... பக்கத்து வூட்டுக்காரிய்யா அவ! எனுக்கு பிரசவ வலி எடுத்தப்போ ஆட்டோல மடில போட்டுகினு ஆஸ்பத்திரிக்கு ஓடுனவ...

சாவியோ: தெரியும்மே! நானா முடிவு பண்ணேன்? ஊரு முடிவு.

ஜானட்: ஊருன்னா யாரு? நீ, தாமஸு, தலைவரு...

சாவியோ: அப்டி பிரிச்சிப் பாக்க முடியாது. நான் தூக்காட்டியும் நடந்திருக்கும். தாமஸு கை மேல போச்சி... என் கையும் தன்னால போச்சி.

ஜானட்: தாமஸு பொண்டாட்டி இப்பதான் கொழாயாண்ட அழுதுகினு சொன்னா. அவரு உன் கையப் பாத்துதான் தூக்குனாராம்.

சாவியோ: ...இன்னாது?

ஜானட்: ஆமா.

சாவியோ: ஏய்... வெளாடாத.

ஜானட்: நம்ம புள்ள மேல சத்தியம்.

சாவியோ: ...செல்லக்கனி மட்டும் மொகத்த மூடிகினு டீவிக்காரன்கிட்ட பேசுலாமா? நம்ம பசங்களுக்கு வேல தர்றேன்னு கரண்ட்டு கம்பெனிக்காரன் சொல்லிகினு கீறான். எவனும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு ஊர்ல சொல்லியாச்சில்ல?

ஜானட்: ஆத்துல சாம்பத் தண்ணி வுட்றான்னு சொன்னது பொய்யா?

சாவியோ: பொய்னு சொன்னேனா? எறா செத்து மெதந்தத நானுந்தான் பாத்தேன்...

ஜானட்: அப்பறம் இன்னா? அவதான் பேசுனான்னு எப்டி கண்டுபுட்ச்சீங்க?

சாவியோ: டீவில கொரல மாத்திட்டானுங்க, ஆனா அவ வூட்டு பின்செவுரு தெரிஞ்சிது. கூட்டத்துல நிக்க வெச்சி கேட்டோம். இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லணும்ல? தலைய குனிஞ்சிகினே நின்னா... ஏய், எங்கமே கெளம்புற?

ஜானட்: தலைவரு வூட்டுக்கு.

சாவியோ: பைத்தியமா உனுக்கு? அவளுக்காக நீ போயி இன்னான்னு பேசுவ?

ஜானட்: என்னிய காட்டிக் குடுக்கக் கூடாதுன்னுதான்யா அவ வாயே தொறக்கல... அந்த செவுத்தாண்ட நின்னு பேசுனது நான்.