மணல்மேட்டில் நட்ட சவுக்குக் கம்பம் குறித்து

பெயர்: குப்பம்மா. வயது: 43. கணவர் பெயர்: சுப்பராயன். தொழில்: மீன் வியாபாரம். இருப்பிடம்: முகத்துவாரக்குப்பம், எண்ணூர். ஆண்டு 2002, செப்டம்பர் மாதம்.

நான் மேலே சொன்ன இடத்தில் என் கணவருடன் குடியிருந்து வருகிறேன். அவர் கடல் தொழில் செய்கிறார். அவர் கொண்டு வரும் மீனைக் கூடையில் எடுத்துப் போய்த் திருவொற்றியூர் கடைத்தெருவில் விற்பது என் வேலை. என் கணவர் மேல் இரண்டு குற்றம் சொல்லியிருப்பதாக இன்ஸ்பெக்டர் ஐயா படித்துக் காட்டினீர்கள். தேவப்பிரியம் என்பவரைத் துடுப்பால் அடித்தார் என்பது ஒன்று. மணல்மேட்டில் கம்பம் நட்டுப் பொது இடத்தை வளைக்கப் பார்த்தார் என்பது இன்னொன்று. அடித்தது உண்மை, நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இடத்தை வளைக்கப் பார்த்தார் என்பது பொய். அதைச் சொல்லத்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்திருக்கிறேன்.

தேவப்பிரியம் திருவொற்றியூரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு, காலேஜ் பிள்ளைகள் சிலரைக் கூட்டிக்கொண்டு எங்கள் மணல்மேட்டுக்கு வருவார். அந்த மேட்டில் முன்பு புன்னையும் தாழையும் பனையும் இருந்தன. பிறகு வேலிகாத்தான் முள்மரம் வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. அதை வெட்டி, வேரைத் தோண்டி எடுத்துவிட்டு, பழைய மரங்களை நடப்போகிறோம் என்று ஊர்ப் பஞ்சாயத்தில் கேட்டார். ஊரும் சரி என்றது. கூலி கிடையாது. வெட்டிய விறகு மட்டும் வேலை செய்கிறவர்களுக்கு என்று பேச்சு.

நான் முதல் வாரத்திலேயே போய்ச் சேர்ந்துகொண்டேன். யாரும் இழுக்கவில்லை. போன வருஷம் அந்த முள் என் குதிகாலில் ஏறிச் சீழ் வைத்து, கூடை தூக்க முடியாமல் மழைக்காலம் முழுவதும் வீட்டில் கிடந்தேன். அந்த மரத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்கவில்லை.

வெட்டிக்கொண்டே போனதில், மேட்டின் உச்சியில் இருந்த ஒரு மரம் மட்டும் கடைசியாக மிஞ்சியது. அந்தப் பக்கத்திலேயே உயரமான மரம் அதுதான். அதற்கு ரம்பம் போட்ட அன்று ஒரு முனையைத் தேவப்பிரியமும் மறு முனையை என் கொழுந்தன் வல்லரசுவும் பிடித்தார்கள். வல்லரசு என் கணவரின் கூடப்பிறந்த தம்பி, தனிப் படகு வைத்திருக்கிறார். மரம் வீட்டுப் பக்கம் சாயாமல் இருக்க நானும் மாயா என்ற காலேஜ் பெண்ணும் கயிற்றைப் பிடித்து இழுத்தோம். அப்போது என் கணவர் கீழே படகு நிழலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். ரம்பச் சத்தம் கேட்டு எழுந்து மேட்டுக்கு ஏறி வந்தார். வந்தவர் மரத்தைப் பார்த்தபடி நின்றார். வல்லரசு, "இன்னா அண்ணாத்த, சொம்மா நிக்கிற? நீயும் ஒரு கை போடு" என்றார். என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு தம்பியைப் பார்த்தார், "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். மரம் விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

தேவப்பிரியம் அடிமரத்தைக் காட்டி, "வேரோட எடுக்கலன்னா மழைக்குத் திரும்பத் தளிர்த்துரும்லாக்கா, அடுத்த வாரம் தோண்டிருவோம்" என்றார். அதன் பிறகு விறகைப் பிரித்துக்கொண்டோம். என் பங்கை வீட்டுக்குக் கொண்டு வந்து அதிலேயே சோறாக்கினேன். என் கணவர் சாப்பிடவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

அதன் பிறகு அவர் கடலுக்குப் போவதும் வெறுங்கையோடு வருவதுமாக இருந்தார். மற்ற படகுக்கு மீன் படாத நாளிலும் அவருக்குச் சங்கரா மீன் படும் என்று ஊருக்கே தெரியும். எங்கே பிடிக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. கூடப்பிறந்த தம்பிக்கும் சொன்னதில்லை, எனக்கும் சொன்னதில்லை. எங்கள் பக்கத்தில் ஆம்பிளைகள் அதைப் பெற்ற மகனுக்கு மட்டும்தான் சொல்வார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

ஒரு நாள் விடியற்காலை என்னை எழுப்பி, மூங்கில் கழி ஒன்றின் நுனியில் என் சிவப்புப் புடவையைக் கட்டி, மேட்டுக்குக் கூட்டிப் போனார். வெட்டிய அடிமரத்தின் மேல் என்னை ஏறி நிற்கச் சொன்னார். "நான் கடல்ல போய் வர்ற வரிக்கும் இத்த தூக்கிப் புடிச்சிகினு நில்லுமே. யார்னா கேட்டா பொடவ காயுதுன்னு சொல்லு" என்றார். இன்னாத்துக்கு என்று கேட்டேன். கேட்டால் சொல்கிற ஆளாக இருந்தால் நான் இன்றைக்கு இங்கே வந்திருக்க மாட்டேன். படகு போய்ப் போய்ப் புள்ளியானது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்தது, பிறகு ஓரிடத்தில் நின்றுவிட்டது. கை கடுத்தது, இறக்கவில்லை. படகு அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, எனக்கு முதுகுப் பக்கம் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது.

ஐயாவுக்கும் விளங்கும்படி சொல்கிறேன். கடலில் எழுதி வைத்த அடையாளம் கிடையாது. தண்ணீருக்கு அடியில் பாறை இருக்கும் இடத்தில் மீன் கூடும். அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்க, கரையில் முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் பார்த்து வைப்பார்கள். இரண்டும் ஒன்றன் பின் ஒன்றாக நேரே வந்தால் அந்தக் கோட்டில் இருக்கிறோம் என்று கணக்கு, பிறகு கயிறு விட்டு ஆழம் பார்த்தால் பாறை தெரிந்துவிடும். என் கணவருக்கு முன்னால் இருந்தது நான் கயிறு பிடித்துச் சாய்த்த அந்த முள்மரம். வெட்டாதே என்று சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள். ரம்பத்தின் மறுமுனையில் தம்பி நின்றிருந்தார்.

அன்று பொழுது சாய்வதற்குள் அவர் ஒரு சவுக்குக் கம்பத்தை வாங்கி வந்து, உச்சியில் தகரம் அடித்து, அடிமரத்துக்குப் பக்கத்தில் நட்டார். அடுத்த நாளே சங்கரா வந்தது. நான்தான் விற்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேரைத் தோண்ட வந்த தேவப்பிரியம் அந்தக் கம்பத்தைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் முதலில் ஒரு கம்பம் வரும், அடுத்து அதில் கட்சிக் கொடி ஏறும், அதற்கடுத்து சுற்றிலும் குடிசை வரும். அவர் அப்படித்தான் நினைத்தார், அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். பிள்ளைகளை விட்டுக் கம்பத்தைப் பிடுங்கச் சொன்னார். அந்தக் குழியிலேயே புன்னங்கன்று வைக்கலாம் என்றார். நான் வேண்டாம் என்று அவர் கையைப் பிடித்தேன். ஏன்க்கா என்றார். வல்லரசு அங்கேயே இருந்ததால் நானும் வாயை மூடிக்கொண்டேன். பிள்ளைகள் கம்பத்தைப் பிடுங்கிவிட்டார்கள்.

அப்போது என் கணவர் படகிலிருந்து துடுப்பும் கையுமாக ஏறி வந்தார். "அத்த நட்டுட்டுப் போ, நைனா" என்று நல்லபடியாகத்தான் சொன்னார். "இது எதுக்குண்ணு சொல்லுங்கண்ணே, சொன்னா நானே நட்டுத் தாரேன்" என்று தேவப்பிரியம் கேட்டார். என் கணவர் தம்பி பக்கம் திரும்பிப் பார்த்தார். வல்லரசு சிரித்துக்கொண்டே, "அதானே, இன்னாத்துக்கு அண்ணாத்த? எங்களுக்கும் சொல்லேன்" என்றார். தேவப்பிரியம் கம்பத்தைத் தோளில் தூக்கினார். என் கணவர் துடுப்பை ஓங்கி அவருடைய இடது முன்கையில் ஒரே அடி அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் என் துண்டால் அந்தக் கையைக் கட்டி, ஆட்டோவில் ஏற்றி, அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். என் கணவர் ஓடவில்லை. போலீசு வரும் வரைக்கும் கம்பத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தேவப்பிரியத்திடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு, "ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லாக்கா, அந்த ஒத்த மரத்த விட்டிருப்பேனே" என்றார். எனக்கு அழுகை வந்தது. நல்ல மனிதர், அவர் கை முறிந்ததில் எனக்கு வருத்தம்தான்.

அதன் பிறகு என் கணவரைப் பார்க்க ஸ்டேஷனுக்கு வந்தேன். "வாயத் தொறக்காத. ஜெயிலுக்கே போறேன், பேஜாரு இல்ல" என்றார். அடித்ததற்கு ஜெயில் என்றால் போகட்டும், நான் சோறு கொண்டு வருவேன். ஊர் நிலத்தைத் திருடியவன் என்ற பெயரோடு திரும்பி வந்தால் யாரும் படகு தள்ளக்கூடக் கை கொடுக்க மாட்டார்கள். அதனால் அவர் பேச்சை மீறி வந்தேன்.

அந்த மரத்துக்குப் பின்னால் நேராக நின்ற அடையாளம் எது, அதையும் சொன்னால்தான் கோர்ட்டு நம்பும் என்று ஐயா சொன்னீர்கள். இந்தக் காகிதத்தைக் கோர்ட்டில் சத்தமாகப் படிப்பார்கள் என்றும் சொன்னீர்கள். வல்லரசு இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், அடுத்த சாட்சி அவர்தான். தெரியாது என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று எழுதுகிறவர் கேட்டார். வேண்டாம், பொய்யாகிவிடும். தெரியும், சொல்ல மாட்டேன் என்றாள் என்றே எழுதச் சொன்னேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதில் பொய் இல்லை. சொல்லாமல் விட்டது அந்த ஒன்று மட்டும்தான்.

(ஒப்பம்) சு. குப்பம்மா